சிந்தாமணி வீட்டு அடுப்பில் திரிந்த பால்

பூமாலை படித்த கல்லூரி திருச்சியில் இருந்தது. முதல் வருஷம் விடுதியில் தங்கினான். மறு வருஷம் திறப்பதற்குள் விடுதிக் கட்டடத்தைப் பட்டாளத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். யுத்த காலம், யாரிடம் போய்க் கேட்பது? திருச்சியில் அறை என்று பேச்செடுத்தாலே கதவைச் சாத்தினார்கள். அரியலூரில் ஓர் இடம் பிடித்தால் காலை ரயிலில் கல்லூரிக்குப் போய் இருட்டியதும் திரும்பலாம், சொந்த ஊரான குன்னத்திலிருந்து அரிசி பருப்பை வண்டியில் கொண்டுவரவும் தோதாக இருக்கும் என்று யோசித்தான்.

அப்பா அங்கமுத்து மானாவாரிக் காட்டில் பருத்தி போடுகிறவர். மகன் ஒரு வருஷம் படித்ததே அவருக்கு அதிகமாகப் பட்டது.

"ஆடி பொறக்கறதுக்குள்ள எடம் அமைஞ்சா போ. அமையலன்னா வந்து கலப்பையப் புடி. விதைப்புக்கு எனக்கு ஆளு வேணும்" என்றார்.

ஆடியில் யாரும் குடி போவதுமில்லை, குடி வைப்பதுமில்லை. ஆனி மாதம் முழுக்கத் தாய்மாமன் அய்யாக்கண்ணுவோடு பூமாலை அரியலூர்த் தெருக்களில் அலைந்தான். ஒரு வீட்டில், மாடி அறைக்குப் போக வேண்டுமானால் வீட்டுக்காரரின் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். இன்னொன்று பஞ்சு மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியை ஒட்டியிருந்தது. உள்ளே நின்ற கொஞ்ச நேரத்துக்குள் மாமன் விடாமல் தும்மினார். "இங்க படிச்சா பரீட்சைக்கு முன்னாடி மீசை நரைச்சுரும் மாப்ள" என்று தலையிலிருந்த பஞ்சைத் தட்டினார்.

கடைசியில் பார்த்தது சிந்தாமணி அம்மாள் வீட்டு அறை. பாய் விரித்தால் நடக்க இடமிராது. மூலையில் ஒரு மண் அடுப்பு. ஆனால் ஜன்னலில் நின்றால் ரயில் நிலையத்துக் கைகாட்டி மரம் தெரிந்தது. ரயில் வருகிறதென்று கை இறங்கியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு நடந்தால் ரயிலைப் பிடித்துவிடலாம். பூமாலை அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை.

சிந்தாமணி அம்மாள் புருஷனை இழந்தவள். ஒரே மகன் பட்டாளத்தில், பர்மா எல்லைப் பக்கம். அவள் பூமாலையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கூட்டாளிங்கள இட்டாந்து சீட்டுக் கீட்டு ஆடுவியா தம்பி?"

"அவனுக்குச் சீட்டுல ராசா யாரு ராணி யாருன்னே தெரியாதுங்க" என்றார் மாமன்.

அவள் சிரித்தாள். "சரி. ஆடிக்கு முன்ன வர்ற புதன்கெழம நல்ல நாளு. ஒங்கம்மாவ வந்து பால் காச்சச் சொல்லு. சாவி தரேன்."

புதன்கிழமை விடியுமுன் அம்மா செல்வம்மாள் தன் மாட்டைக் கறந்து, பாலைப் பித்தளைத் தூக்கில் ஊற்றி, ஈரத் துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டியேறினாள். அய்யாக்கண்ணு மாட்டைப் பூட்டிக்கொண்டே கேட்டார்: "ஏக்கா, அரியலூர்ல பாலே இல்லியா?"

"கண்ட மாட்டுப் பாலக் காச்சியா எம்புள்ள குடி போவணும்? பாதிக்குப் பாதி தண்ணி ஊத்தி விப்பாளுவ."

"அப்ப இங்கியே காச்சி எடுத்துக்க."

"காச்சின பால அங்க போயி மறுபடி காச்சறதா? பேசாம வண்டிய ஓட்டுடா."

பாதி வழியில் வண்டிச் சக்கரம் கடகடத்தது. வெயிலில் மரம் காய்ந்து சுருங்கி இரும்புப் பட்டை கழன்றுகொண்டிருந்தது. சக்கரத்தைக் கழற்றி, குட்டைக்கு உருட்டிப் போய் ஊறப்போட்டு, ஆப்பு வைத்து இறுக்கி மாட்டுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அம்மா சேலை முந்தானையால் தூக்குக்கு நிழல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி காயக் காயத் தண்ணீர் தெளித்தாள். திறந்து பார்க்கவில்லை. பூமாலையும் பார்க்கச் சொல்லவில்லை.

சிந்தாமணி அம்மாள் அறையைக் கழுவிக் கோலம் போட்டு வைத்திருந்தாள். உப்பும் மஞ்சளும் முதலில் உள்ளே போயின. பிறகு நிறைகுடம். அம்மா கிழக்குப் பார்த்துச் சட்டியை வைத்துப் பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள். எல்லோரும் பொங்குவதற்காகக் காத்திருந்தார்கள். பால் பொங்கவில்லை. விளிம்பில் மஞ்சள் நீர் பிரிந்தது. நடுவில் வெள்ளைத் திப்பிகள் திரண்டன.

"திரிஞ்சு போச்சு" என்றாள் சிந்தாமணி அம்மாள்.

"வெயிலுங்கம்மா. வழியில வண்டி நின்னுபோச்சு. கடைத்தெருவுல பால் வாங்கியாறேன், மறுபடி காச்சுவோம்" என்றான் பூமாலை.

"ஒரே அடுப்புல ரெண்டு தடவையா? மொத தடவ என்ன ஆச்சோ அதான் தம்பி."

அய்யாக்கண்ணு மன்றாடினார். அம்மா சட்டியின் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லை.

"ஒங்க மேல தப்பில்லீங்க" என்றாள் வீட்டுக்காரி. "எம்மவன் கடுதாசி போட்டு மாசக்கணக்காச்சு. இந்த நேரத்துல எவ்வூட்டுல பால் திரிஞ்சிருக்கு. நான் எப்படித் தூங்குவேன் சொல்லுங்க. வேணாம். எடுத்துக்கிட்டுப் போங்க."

அடுத்து எந்த நல்ல நாளும் இல்லை, அதற்கடுத்து ஆடி. அன்று சாயங்காலமே இன்னும் இரண்டு தெருவில் கேட்டார்கள். சிந்தாமணி வீட்டில் என்ன நடந்ததென்று அவர்களுக்கு முன்பே அந்தத் தெருக்களுக்குச் சேதி போயிருந்தது.

அப்பா மறுநாள் காட்டுக்குப் போகும்போது இரண்டாவது ஏரையும் பூட்டச் சொன்னார். ஆடி முழுக்கப் பூமாலை உழுதான். கை காய்த்தது. கல்லூரியில் இனி சேர்த்துக்கொள்வார்களா என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. அம்மாதான் விடவில்லை. ஆவணி பிறந்த முதல் வாரம் அவனை இழுத்துக்கொண்டு அரியலூருக்கு வந்தாள். இந்தத் தடவை கடைத்தெருவில் இறங்கி, பால்காரியிடம் விலை பேசாமல் வாங்கித் தூக்கை நிரப்பிக்கொண்டாள்.

சிந்தாமணி அம்மாள் வாசலிலேயே நின்றாள். அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கூரை முட்டக் கடலை மூட்டை. ஜன்னலும் மூட்டைகளுக்குப் பின்னால் போயிருந்தது.

"யாவாரி ஒருத்தருக்கு விட்டுட்டேன்" என்றாள். "மூட்டைக்குப் பால் காச்ச வேண்டியதில்ல பாருங்க."

அம்மா சற்று நேரம் மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு, "மவன் கடுதாசி வந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல."

வண்டியடிக்கு வந்ததும் அம்மா தூக்கைத் திறந்து அவனிடம் நீட்டினாள்.

"குடிச்சுடு. இத ஊருக்குக் கொண்டுபோயி என்ன பண்றது?"

பூமாலை நின்றபடியே குடித்தான். தண்ணீர் நிறையக் கலந்திருந்தது. ஆனால் பால் திரியவில்லை. காலியான தூக்கை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நுகத்தடியைத் தூக்கி மாட்டைப் பூட்டினான்.