புதுக் குடிலில் முதல் சாப்பாடு

இடது கை புல் கற்றையை முகட்டின் மேல் அமுக்கிப் பிடித்திருந்தது. வலது கை பனைநாரைச் சுற்றி இழுத்தது. இழுத்த இழுப்பில் உள்ளே மூங்கில் முனகியது. முடிச்சைச் சுண்டிப் பார்த்துவிட்டு, சரியில்லை என்று அவிழ்த்து மறுபடியும் கட்டியது கை. கீழே நிற்பவர்களுக்கு இரண்டு முடிச்சுக்கும் வித்தியாசம் தெரியாது. முதல் மழைக்குத் தெரியும்.

"மேஸ்திரி, முடிஞ்சுதா இல்லியா? நாளைக்கு இந்தக் குடில்ல பார்ட்டிக்கு ஒத்துக்கினேன்," என்றார் கீழே நின்ற ஓட்டல் முதலாளி தீனதயாளன்.

"மொகடு முடிஞ்சிச்சி சார். வாசப்பக்கம் எறவாணம் அறுக்கறதுதான் பாக்கி."

"அறுத்துட்டு எறங்க வேண்டியதுதானே?"

மாயவன் ஏணியில் பாதி இறங்கி நின்று தலையைச் சொறிந்தார். உதிர்ந்த புல்லைக் கூட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி ராஜாம்பாள்தான் பதில் சொன்னாள். "சோறு போட்டாதான் சார் அது அறுக்கும்."

கூரை வேய்கிறவர்களிடம் அப்படி ஒரு வழக்கம். வாசலுக்கு மேலே தொங்கும் புல்லை மட்டும் வெட்டாமல் விடுவார்கள். வீட்டுக்காரர் ஒரு வேளைச் சோறு போட்ட பிறகுதான் அதை அறுத்துச் சீராக்கி, கூரையை ஒப்படைப்பார்கள். காலனி வீடுகள் என்றால் மாயவன் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவார். ஊர்த்தெரு வீடுகள் என்றால் மாட்டுக்கொட்டகை ஓரமாக, கையில் இலையை ஏந்திக்கொண்டு.

"துன்னாம அறுத்தா இன்னா ஆவும்?" என்றார் தீனதயாளன்.

"கூரை ஒழுவும்னுவாங்க சார்."

"எங்க வவுறும் காயும்," என்றாள் ராஜாம்பாள்.

தீனதயாளன் சிரித்துவிட்டார். பெங்களூரில் பல வருடம் ஓட்டல்களில் வேலை பார்த்துவிட்டு, கள்ளக்குறிச்சிக்கு வெளியே சேலம் சாலையில் புல்தரை போட்டு, குரோட்டன்ஸ் வைத்து, மரக்கிளைகளில் கலர் பல்பு தொங்கவிட்டு இந்தத் தோட்ட ஓட்டலைத் திறந்தவர் அவர். காரில் வருகிறவர்களை நம்பித் திறந்தது. "குழாயாண்ட ஓரமா குடுத்தா போதும் சார்" என்று மாயவன் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை.

"கை கால் கழுவினு வந்து உள்ள ஒக்காருங்க ரெண்டு பேரும். என் கூரை ஒழுவக் கூடாது."

பொழுது சாய்கிற நேரம். புல்தரையில் குடைகளுக்கடியில் இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. மாயவன் தான் வேய்ந்த கூரைக்கடியில், வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு முன்னால், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். யாரும் அவருக்குக் கூரை வேயச் சொல்லிக்கொடுத்ததில்லை. காற்றில் பிய்ந்து விழுந்த கூரைகளைப் பிரித்துப் பார்த்து, எந்தக் கட்டு எதனால் விட்டது என்று தானாகக் கற்றுக்கொண்டவர். இத்தனை கூரை வேய்ந்தும் ஒன்றின் அடியிலும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

ராஜாம்பாள் மேசைமேல் இருந்த ரெக்சின் அட்டையைப் பிரித்தாள். "இது இன்னாயா, பஸ் வர டைமா?"

"துன்றதெல்லாம் எழுதி வச்சிருப்பாங்க. மூடி வை மே."

"பேரப் பாத்தா பசி அடங்குமா? சோத்தக் கண்ணுல காட்டச் சொல்லு."

"வாங்க சார், இன்னா சாப்படறீங்க?" என்று கேட்டபடி வெள்ளைச் சட்டை போட்ட சர்வர் ஒருவன் கையில் கூஜாவோடு குனிந்து உள்ளே வந்தான். நிமிர்ந்தான். 

மாயவன் அந்த முகத்தை அடையாளம் கண்டார். ரிஷிவந்தியம் பக்கத்தில் அவர் ஊரில், அவர் உழைக்கிற நிலத்துக்காரர் கந்தசாமியின் மகன் சிவசங்கர் அது.

போன புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம், சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்ட கூட்டத்தில் சிவசங்கர் இருந்தான். போலீஸ் வேன் வந்ததும் ஓடியவன் வீடு திரும்பவில்லை. ஏரிக்கரையில் ஒரு பிணம் ஒதுங்கியபோது, போய்ப் பார்த்துவா என்று கந்தசாமி அனுப்பியது மாயவனைத்தான். அது வேறு யாரோ. ஆனாலும் இவன் செத்துப்போனான் என்றுதான் காலனியில் எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள். மாயவனும்தான். அவன் தாய் கமலா மட்டும், வெளியூர் வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "எங்கியாவது கண்ணுல பட்டானா?" என்று கேட்பதை விடவில்லை. இந்த வேலைக்குக் கிளம்பிய அன்றுகூடக் கேட்டாள்.

மாயவன் எழுந்து நின்றதை அவரே அறியவில்லை. தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு வந்திருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் சிவசங்கர் கூஜாவைத் தூக்கினான். தூக்கியதும் மாயவனின் இரண்டு கைகளும் சேர்ந்து குவிந்து வாய்க்குப் போயின. அவன் மேலேயிருந்து ஊற்ற, இவர் குனிந்து கையில் வாங்கிக் குடித்தார். கந்தசாமி வீட்டுக் களத்தில் காலங்காலமாக நடந்தது போலவே.

தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து வெள்ளைத் துணியை நனைத்தது. துணியின் மேல் கண்ணாடி டம்ளர் இரண்டும் காலியாகவே இருந்தன.

குடைக்கடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே பார்த்தாள். தீனதயாளன் புல்தரையைத் தாண்டி வேகமாக வந்தார்.

"சேகரு, இன்னாயா பண்ற? டம்ளர் கண்ணுக்குத் தெரியலியா?" சேகர் என்பது இங்கே அவன் சொல்லியிருந்த பெயர் போலிருக்கிறது. அவர் பார்வை மாயவனிடம் திரும்பியது. "எதுக்கு எழுந்து நிக்கற மேஸ்திரி? இவன உனக்குத் தெரியுமா? ரெண்டு பேரும் ஒரே ஊரா?"

சிவசங்கரின் முகத்தில் ரத்தமே இல்லை. தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் பொய்ப் பெயர் போய்விடும். மரம் வெட்டிய வழக்கு இவனைத் தேடி இங்கேயே வந்துவிடும். அது மாத்திரமல்ல. கந்தசாமியின் மகன் எச்சில் தட்டு எடுக்கிறான், அதுவும் மாயவனுக்குப் பரிமாறினான் என்பது ஊருக்குத் தெரிந்தால், அவன் தலை குனிவதற்கு முன்னால் தன் வீட்டுக் கூரைதான் எரியும் என்பதும் மாயவனுக்குத் தெரியும்.

"தெரியாது சார்," என்றார். "நான்தான் கைய நீட்டிட்டன். டம்ளர் ஒடஞ்சிடப் போவுதுன்னு. அந்தத் தம்பி இன்னா பண்ணும்?"

தம்பி என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. 

"வூட்லயும் இப்படித்தான் சார்," என்று ராஜாம்பாள் சேர்ந்துகொண்டாள். "சொம்பு கண்டாலே பயம் அதுக்கு."

தீனதயாளன் தலையில் அடித்துக்கொண்டு, வேறு துணி போடச் சொல்லிவிட்டுப் போனார்.

சிவசங்கர் புதுத் துணியோடு திரும்பி வந்து, விரிக்கிற சாக்கில் குனிந்தான். "மாயவா, ஊர்ல சொல்லிடாத. அப்பாவுக்குத் தெரிஞ்சா நாண்டுக்கினு சாவும்."

"அம்மா சரியா துன்றதில்ல சின்னய்யா. ரோட்ல போறவன் வர்றவன எல்லாம் கேட்டுக்கினு நிக்குது. நான் போனதும் என்னையும் கேக்கும். இன்னான்னு சொல்லட்டும்?"

அவன் துணியின் சுருக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். சுருக்கம் எப்போதோ போய்விட்டிருந்தது.

"தனியா இருக்கறப்போ சொல்லு. உசுரோட கீறான்னு மட்டும் சொல்லு."

"எங்க பாத்தன்னு கேக்குமே."

"சேலம் பஸ் ஸ்டாண்டுல. பஸ் ஏறிப் போய்ட்டான்னு சொல்லு. நான் தண்ணி ஊத்தனத சொல்லாத."

"நான் குடிச்சதையும் சொல்லமாட்டன்."

ராஜாம்பாள் குறுக்கிட்டாள். "பேசினது போதும், அந்தாளு பாக்கறாரு. சோறு கொண்டாங்க சின்னய்யா."

சோறு வந்தது. முட்டைகோஸும் கேரட்டும் பொடிப்பொடியாகக் கிடந்த எண்ணெய்ச் சோறு. கூடவே சிவப்பாகக் காலிஃபிளவர் வறுவல். சிவசங்கர் தட்டுகளை வைத்தான். கூஜாவை எடுத்து இந்த முறை டம்ளரில் ஊற்றினான். பாதி வெளியே சிந்தியது. மாயவன் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். எழாமல் இருப்பது ஏணி உச்சியில் காற்றுக்கு நிற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவன் வெளியே போன பிறகுதான் டம்ளரைத் தொட்டார்.

"உப்பு கம்மி," என்றாள் ராஜாம்பாள். "துன்னுயா, ஆறுது."

அவர் சாப்பிட்டார். நாக்குக்கு எந்த ருசியும் தெரியவில்லை. ஆனால் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை; வைத்தால் அது போட்ட சோறு ஆகாது. தட்டெடுக்க சிவசங்கர் வந்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. 

மாயவன் கையைக் கழுவிக்கொண்டு அரிவாளை எடுத்தார். வாசலுக்கு மேலே தொங்கிய புல்லை இடமிருந்து வலமாக, நூல் பிடித்த மாதிரி அறுத்துக்கொண்டே போனார். தீனதயாளன் வந்து குனியாமலே உள்ளே போய், கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"சாப்பாடு எப்படி மேஸ்திரி? கூரை ஒழுவாதுல்ல?"

"ஒழுவாது சார்." மாயவன் ஏணியைச் சாய்த்துத் தரையில் படுக்கவைத்தார். "மேக்கால பக்கம் மட்டும் ஐப்பசிக்கு முன்ன ஒரு தடவ தட்டி வுடணும். நான் வந்து பாத்துக்கறன். குடில எடுத்துக்குங்க."