கிழக்கு வாசலில் பத்து நிமிடம்

திருவிடைமருதூர் கோயிலுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பதினேழு வருடமாக வழிகாட்டி அமிர்தலிங்கம். சுற்றுவதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல் உண்டு என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வார். எல்லாம் சட்டைப்பைக் குறிப்பேட்டில் இருக்கின்றன. பள்ளிக்கூட நாட்களில் மகள் கயல்விழி எழுதிக்கொடுத்தவை. வயலைத் தண்ணீர் சூழ்ந்து நின்றால் ‘சரவுண்ட்’. கோட்டையைப் படை வளைத்தால் ‘என்சர்க்கிள்’. சாமியை வலம்வந்தால் ‘சர்கமாம்புலேட்’.

அந்தக் கயல்விழியோடு அவர் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. செழியனை அவளாகவே பார்த்துக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. போன் வந்தால் எடுக்கவுமில்லை. கனடாவுக்குக் குடிபோகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் எடுத்தார்.

“அப்பா, நாளைக்குப் பத்து மணிக்குக் கிழக்கு வாசல்ல நிக்கிறேன். மாயவரத்துலேர்ந்து திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போற வழி. பத்து நிமிஷந்தான் நிக்க முடியும்.”

“வரேம்மா.”

அதற்குமேல் வரவில்லை. மீதியை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்.

மறுநாள் எட்டரைக்கே இங்கிலாந்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரோடு கிழக்கு வாசலுக்கு வந்தார். அம்சவல்லியின் பூக்கடை முன்னால் செருப்பை விட்டார். வழக்கம்போல வாசலிலேயே கதையைச் சொன்னார். பாண்டிய ராஜாவைத் துரத்திவந்த பாவம் இங்கேதான் காத்திருக்கிறது. இந்த வழியாக உள்ளே போனவர் இந்த வழியாகத் திரும்பக் கூடாது, அம்மன் சன்னதி வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆசிரியை அதை எழுதிக்கொண்டார்.

ஒன்பதரைக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை. ஆனால் அந்த அம்மாளுக்குச் சொற்கள்மேல் ஆசை. ‘சர்க்கிள்’ போதாதா, எதற்கு ‘சர்கமாம்புலேட்’ என்று கேட்டார். அமிர்தலிங்கத்துக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. குறிப்பேட்டைத் திறந்தார். பிரகாரம் முழுக்க நின்று நின்று விளக்கினார்.

கொடிமரத்தருகே வந்தபோது மணி பத்தேகால். வாசலுக்கு அப்பால் பச்சைச் சேலையில் கயல்விழி. ஐம்பதடி இருக்கும். உள்ளே வந்தால் அவளும் சுற்றித்தான் போகவேண்டும். அவள் வந்த கார் கிழக்கு வீதியில் நின்றது. அமிர்தலிங்கத்தின் கால் அவள் பக்கம் திரும்பியது. ஆசிரியை வாசலையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். கால் நின்றுவிட்டது. சுற்றி வருகிறேன் என்று கையால் வட்டம் போட்டுக் காட்டினார். கயல்விழி தலையாட்டினாள்.

அம்மன் சன்னதி வழியாக வெளியே வந்து, ஆசிரியையை அவருடைய காரில் ஏற்றிவிட்டு வெறுங்காலோடு ஓடினார். தார் சுட்டது. தெற்கு வீதி முனையில் நெல் மூட்டை லாரி ஒன்று திரும்ப முடியாமல் வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

“இப்பத்தாண்ணே கிளம்புச்சு,” என்றாள் அம்சவல்லி. “மாப்ள ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தாரு. இன்னும் ரெண்டு நிமிஷம், இன்னும் ரெண்டு நிமிஷம்னு புள்ள கெஞ்சிக்கிட்டு நின்னுச்சு.”

“ஏதாவது சொல்லுச்சா?”

“இந்த வழியா வந்துட்டா வெள்ளக்காரம்மா எங்கப்பாவ நம்ப மாட்டாங்கக்கான்னு சிரிச்சுச்சு. ஏண்ணே, நெசமாவே நீங்க இதெல்லாம் நம்புறீங்களா?”

அமிர்தலிங்கம் குனிந்து செருப்பைத் தேடினார். கூட்டமில்லாத நாட்களில் டீ குடிக்க அதே வாசல் வழியாக எத்தனையோ தடவை வெளியே வந்திருக்கிறார். அம்சவல்லிக்கே அது தெரியும்.

வெயிலில் விட்டிருந்த செருப்பைக் காணவில்லை. பூக்கடைப் பந்தலின் நிழலில், கால் நுழைக்கத் தோதாக ஜோடியாக இருந்தது.

“புள்ளதான் எடுத்து வச்சிட்டுப் போச்சு.”

போட்டுக்கொண்டு போன் செய்தார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“பரவால்லப்பா. லேட்டாயிடுச்சு, அவ்வளவுதான்.”

நேரில் சொல்ல வைத்திருந்தது எதுவும் வரவில்லை.

“செருப்பு குளிர்ச்சியா இருக்கும்மா,” என்றார்.