எதிர் சீட்டு அக்கா பாடிய பாட்டு

2006 வாக்கில் நடந்தது இது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வீடு பெருங்களத்தூரில், ஆபீஸ் நுங்கம்பாக்கத்தில். எங்கள் ஊரிலேயே ரயில் ஏறலாம்தான். ஆனால் செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, அங்கிருந்து காலியாகப் புறப்படும் பீச் ஸ்டேஷன் வண்டியில், மகளிர் பெட்டியில், ஜன்னலோரமாக உட்கார்ந்துவிடுவேன்.

எனக்கு அப்போது பாட்டுப் பைத்தியம். அதிலும் ஒரே ஒரு இசையமைப்பாளர்தான். பெயர் வேண்டாம், எங்க ஆள் என்றே சொல்கிறேன். அவர் கேசட் வெளியாகும் நாளில் கடை திறக்கும் முன்பே போய் நிற்பேன். போட்டியாக இன்னொருவர் இருந்தாரே, அவர் பாட்டை மட்டும் காதில் வாங்குவதில்லை என்று விரதம். கல்யாணக் கச்சேரியில் அவர் பாட்டு ஆரம்பித்தால் கை கழுவப் போய்விடுவேன். சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

என் எதிர் சீட்டில் தினமும் ஒரு அக்கா உட்காருவார். நாற்பது வயதிருக்கும், எழும்பூரில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்த்தார். அவர் அந்தப் போட்டிக்காரரின் பரம ரசிகை. சானடோரியம் தாண்டுவதற்குள் எங்களுக்குள் வாய்ச்சண்டை மூண்டுவிடும். உங்க ஆளுக்கு மெட்டே வராது, சத்தம்தான் வரும் என்பார். உங்க ஆள் போட்டதையே திருப்பித் திருப்பிப் போடுகிறார் என்பேன். நாளடைவில் பெட்டியே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. பூ கட்டிக்கொண்டு வருகிறவர்கள்கூட ஏதாவது ஒரு பக்கம் பேசுவார்கள்.

இந்த நிலையில்தான் எங்க ஆள் சென்னையில் மேடைக் கச்சேரி நடத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. அவரை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்து என் ஆசை. டிக்கெட் விலையோ நம் கைக்கு எட்டாதது. ஒரு எஃப்.எம். ரேடியோவில் காலை நேரப் போட்டி வைத்தார்கள். பாட்டின் ஆரம்ப இசையை மட்டும் போடுவார்கள். எந்தப் பாட்டென்று சொன்னால் இரண்டு பேருக்கு பாஸ். ஒரு வாரமாக விரல் தேய போன் போட்டேன். எப்போதும் எங்கேஜ்டு. கச்சேரிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அதுதான் போட்டியின் கடைசி நாள், வண்டி குரோம்பேட்டை தாண்டும்போது லைன் கிடைத்தது.

பெட்டி முழுக்க விஷயம் பரவிவிட்டது. பல்லாவரத்தில் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது. நல்ல நேரம்தான். ஆர்ஜே என்னிடம் பேச ஆரம்பித்தார். பின்னால் ஒரே சத்தமாக இருக்கிறதே என்றார். நான் எழுந்து எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவ்வளவுதான், ஆயிரம் பேச்சு பேசுகிற அந்த மகளிர் பெட்டி கப்சிப் ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து "கொய்யா, கொய்யா" என்று கூவிக்கொண்டே ஏறிய பழக்கார அம்மாவைப் பார்த்து அத்தனை பேரும் உதட்டில் விரல் வைத்தார்கள். அவர் பயந்துபோய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

ஆர்ஜே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "உங்க ஆள் பாட்டுன்னா தூக்கத்துலகூட சொல்லிடுவீங்க. அதனால இன்னைக்கு வேற ஒருத்தர் பாட்டு."

இசை வந்தது. புல்லாங்குழல், பிறகு தபேலா. யார் போட்டதென்று உடனே தெரிந்துவிட்டது. எந்தப் பாட்டு என்பதுதான் தெரியவில்லை. எப்படித் தெரியும்? நான்தான் கை கழுவப் போயிருப்பேனே! கண்ணில் தண்ணீர் முட்டியது.

நிமிர்ந்து பார்த்தால், எதிர் சீட்டு அக்கா காதில் இயர்போன் மாட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே ரேடியோவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாத பாட்டா அது! வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஒரு வருடச் சண்டையில் அவர்தான் ஜெயித்திருப்பார். ஆனால் அவர் சட்டென்று குனிந்து என் காதில் பாட்டைச் சொல்லிவிட்டார். நான் கிளிப்பிள்ளை மாதிரி அதை போனில் சொன்னேன்.

பக்கத்தில் யாரோ சொல்லிக்கொடுத்தது போலக் கேட்டதே என்று ஆர்ஜே சிரித்தார். எனக்குப் பொய் வரவில்லை. எதிர் சீட்டு அக்கா சொன்னார், அவர் அந்தக் கட்சி, நான் இந்தக் கட்சி என்று எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். ஆர்ஜேவுக்கு ஒரே குஷி. "அப்போ அந்த அக்காவையே ரெண்டு வரி பாடச் சொல்லுங்க. பாடினா பாஸ் உங்களுக்கு."

போனை நீட்டினேன். அக்கா என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினார். தேன் குரல் என்று சொல்ல முடியாது, ஆனால் சுருதி பிசகவில்லை. இரண்டாவது வரிக்கு அவர் கட்சி மொத்தமும் சேர்ந்துகொண்டது. எங்கள் கட்சிக்காரர்கள் சீட்டில் தாளம் போட்டார்கள். இனிமேல் பயமில்லை என்று தெரிந்ததும் பழக்கார அம்மா, "இன்னாமே, பாட்டுக்கா இம்மாம் நேரம் கம்முனு குந்திகினு இருந்தீங்கோ?" என்று சொல்லிவிட்டுக் கூடையில் தட்ட ஆரம்பித்தார். அந்தப் பெட்டியிலேயே வரி தெரியாமல் முழித்தவள் நான் ஒருத்திதான். பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் வெட்கமாகப் போய்விட்டது.

பாஸ் கிடைத்தது. போனை வைத்த பிறகு, "எங்க ஆள் கச்சேரிக்கு வைக்கற போட்டியை நீங்க ஏன் அக்கா கேக்கறீங்க?" என்றேன்.

"திட்டறதுக்காவது கேக்கணும்ல? நீ கேக்காமயே திட்டற" என்றார்.



துணைக்குப் பெரியவர்கள் யாராவது வந்தால்தான் கச்சேரிக்குப் போகலாம் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இரண்டாவது பாஸ் யாருக்கு என்று நான் யோசிக்கவே இல்லை. அக்காவும் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "வரேன். ஆனா கை தட்ட மாட்டேன்."

சொன்ன சொல் தவறாதவர். ஊரே எழுந்து நின்று ஆர்ப்பரித்தபோதும் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு வந்தபோது திரும்பிப் பார்க்கிறேன், இரண்டாவது சரணத்தை ஒரு வார்த்தை விடாமல் கூடவே பாடிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். மேடையைப் பார்த்து அழுததைவிட அதைப் பார்த்துச் சிரித்தது அதிகம்.

திங்கட்கிழமை ரயிலில் ஏறியதும் அந்தப் புல்லாங்குழல் பாட்டை முழுசாகக் கேட்க வேண்டும் என்றேன். அக்கா இயர்போனில் ஒரு பக்கத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அன்றைக்கும் சண்டை போட்டோம். ஆனால் மீனம்பாக்கம் தாண்டித்தான் ஆரம்பித்தோம்.

இன்றைக்கு என் மகள் கேட்கும் பாட்டைப் பார்த்து "இதெல்லாம் ஒரு பாட்டா" என்று வாயெடுக்கும்போதெல்லாம், எதிர் சீட்டில் அக்கா உட்கார்ந்து முறைப்பது போலவே இருக்கும். உடனே மகளிடம் இயர்போனில் ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வேன்.