ரேடியோப் பெட்டியின் சாவி

பெரிய பேரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். மூத்த பேத்தி நர்சு. சின்னவள் செல்வி எங்கள் பகுதிச் சமூக வானொலியில் பேசுகிறாள். ஐந்தாவதோடு நின்றுபோன எனக்கு வேறென்ன வேண்டும்?

இன்று என்னையும் மைக் முன்னால் உட்காரவைத்து, "அந்தக் கால ரேடியோ பத்தி சொல்லு ஆயா" என்றாள்.

சொன்னேன். ஐம்பதுகளில் ராயபுரத்தில் எங்கள் குப்பத்துக்கு ஒரே ரேடியோ. புயல் செய்தி கேட்பதற்காக எல்லோரும் சேர்ந்து வாங்கியது. மீனவர் சங்கத் தலைவர் அதை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஒருநாள் வானம் கறுத்தது. தலைவர் சாவியோடு கல்யாணத்துக்குப் போயிருந்தார். விடிந்தால் அப்பா கடலுக்குப் போகவேண்டும். அம்மா கல்லெடுத்துப் பூட்டை உடைத்தாள். புயல் வருகிறது என்றது ரேடியோ. யாரும் கட்டுமரத்தை இறக்கவில்லை.

திரும்பி வந்த தலைவர் குதித்தார். "சங்கத்துப் பூட்ட ஒடச்சிக்கீறியே, இன்னா தைரியம் உனுக்கு?"

"ஆம்பளைங்க உசுரோட கீறாங்க. அவுங்களாண்ட வேற பூட்டு வாங்கிக்கோ நைனா" என்றாள் அம்மா.

பதிவு முடிந்ததும் நிலைய நிர்வாகி தலையைச் சொறிந்தார். "ஆயா, பூட்டு ஒடச்சத மட்டும் எடுத்துடலாமா? அந்தத் தலைவரோட பேரன்தான் இப்ப நம்ம ஸ்டேஷன நடத்துற டிரஸ்ட்டுக்குச் சேர்மன்."

"அப்போ சாவி இன்னும் அவுங்க வூட்லதான் கீதா?" என்றேன். செல்வி சிரித்தாள். நிர்வாகி சிரிக்கவில்லை.

மக்கள் வானொலியாம்! வெட்டாமல் போடுகிறார்களா என்று நாளைக்கு ஒலிபரப்பைக் கேட்டுச் சொல்லுங்கள்.

செல்வி, நிலையத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் நீ போட்ட என் படத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போடு. அதில் மைக் என் வாயை மூடிக்கொண்டிருக்கிறது.