ஆட்டுக்குட்டிப் புத்தகமும் அடுத்த எடுப்பும்

அந்தப் புத்தகத்தின் கீழ்மூலையில் பழுப்பாக ஒரு கறை இருக்கிறது. இருபதே பக்கம். கழுத்து மணியைத் தொலைத்துவிட்டு ஊரெல்லாம் தேடும் ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. பாதிக்கு மேல் படம்தான். பிரித்து முகர்ந்தால் ஏலக்காய் மணமும் அதற்குப் பின்னால் மெல்ல விறகுப் புகையும் வரும். ஏலக்காய் வியாபாரம் நடக்கும் எங்கள் ஊர் போடியில் பாதி வீடுகளில் தலையணை உறைகூட ஏலக்காய் மணக்கும் என்பதால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் புத்தகம் அந்த மணத்தை வாங்கியது மலைமேல் மூன்று நாள் கிடந்தபோது. அங்கே அனுப்பியது நான். மீட்டுக்கொண்டு வந்தது என் மதினி.

போன வாரம் மகளின் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. குழந்தைக்குப் பிடித்த புத்தகம், அம்மாவுக்குப் பிடித்த புத்தகம் என்று இரண்டு கோடுகள். மகள் தன் கோட்டை அரை நிமிடத்தில் நிரப்பிவிட்டாள். என் கோடு நான்கு நாள் காலியாகவே இருந்தது. இந்தக் கேள்வி எனக்கு எப்போதும் பரீட்சைதான். கல்லூரியில் சேரும்போது இதே கேள்விக்கு ஒரு பெரிய நாவலின் பெயரைச் சொன்னேன். அதில் முதல் அறுபது பக்கங்களைக்கூட நான் தாண்டியிருக்கவில்லை. எதிரே இருந்த ஆசிரியை மகிழ்ச்சியோடு தலையசைத்தார். எனக்கு இன்றும் அதை நினைத்தால் காது சுடுகிறது. நமக்குப் பிடித்த புத்தகம் என்று ஒன்றைச் சொல்லும்போது புத்தகத்தையா சொல்கிறோம், நம்மைப் பற்றி நல்லபடியாக ஒரு சான்றிதழ் எழுதிக்கொள்கிறோமா? நூறு புத்தகங்களை ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் மடியில் வைத்துக்கொள்வதில் ஏதாவது அர்த்தம் உண்டா? இப்படிக் குழம்பும்போதெல்லாம் எனக்கு மதினி நினைவுதான் வரும்.

மதினி என் கணவரின் அக்கா. அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அடுத்த தெருவில் வீடு. காலை ஆறு மணிக்கெல்லாம் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு சாயங்காலம் இறங்குவார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு புத்தகம். அட்டை கிழிந்துபோன ஒரு குடும்ப நாவல். கணவன் எழுதிய கடிதத்தைப் படிக்காமலே கிழித்துப் போட்டுவிட்டு, பெட்டியோடு வீட்டைவிட்டு வெளியேறும் ஒரு பெண்ணின் கதை. அதை மதினி எத்தனை முறை படித்தார் என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணோடு சண்டை போடுவார்.

"இன்னைக்கும் கிழிச்சிட்டாத்தா, படுபாவி. ஒரு எழுத்து படிச்சுப் பாத்தாளா?" என்பார் என் வாசலில் நின்றபடி. ஏதோ எதிர்வீட்டுக்காரி செய்த காரியம்போல இருக்கும்.

"தெரிஞ்ச கதைதானே மதினி, வேற புத்தகம் தரட்டுமா?" என்று நானும் கேட்டிருக்கிறேன். தந்தும் இருக்கிறேன். மரியாதைக்காக வாங்கிப் போவார், ஒரு வாரத்தில் அலுங்காமல் திரும்ப வரும். "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு இவகூட வழக்கு இன்னும் முடியலையே" என்று சிரிப்பார்.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு தோட்டத்துக்குப் போனேன். ஏலச்செடியில் காய் மேலே காய்க்காது. தூரிலிருந்து தரையோடு ஓடும் சரங்களில் இருக்கும். நன்றாக வேலை செய்து பெயர் வாங்க வேண்டும் என்கிற ஆசையில் ஒரு சரத்தை அப்படியே உருவிக் கூடையில் போட்டேன். பிஞ்சு, பூ எல்லாம் சேர்ந்து வந்துவிட்டன. கங்காணி போட்ட சத்தத்தில் எனக்கு அழுகை வந்தது. மதினிக்கு வந்தது சிரிப்பு. "படிச்ச பிள்ளைல்ல, ஒரேயடியா பாடத்த முடிச்சிருச்சு" என்று மற்ற பெண்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து நடந்தது. என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. அந்த வயதுப் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசும்போது, இவளிடம் மொத்தமே பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் இருந்தன. இரண்டு சொற்களைச் சேர்த்து ஒன்றுகூடச் சொன்னதில்லை. நான் கர்ப்பமாக இருந்தபோது சரியாகச் சாப்பிடவில்லையோ, அதிகம் கைபேசி பார்த்தேனோ என்று என்னையே துருவிக்கொண்டிருந்தேன். அவளுக்கோ ஆட்டுக்குட்டிப் புத்தகம் மட்டும் போதும். காலையில் அது, சோறு ஊட்டும்போது அது, திரும்பவும் அது. புதிதாக வாங்கிய புத்தகங்களைத் தள்ளிவிடுவாள். நாள்தோறும் புதிய சொற்கள் காதில் விழுந்தால்தான் குழந்தை பேசும் என்று எங்கோ படித்தேன். இந்த ஒரு புத்தகம்தான் என் பிள்ளையின் வாயைக் கட்டி வைத்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பழைய துணி கொடுத்தனுப்புவது எங்கள் வீட்டில் வழக்கம். அந்த முறை பைக்கு அடியில் ஆட்டுக்குட்டிப் புத்தகத்தையும் வைத்தேன். ஒன்றும் அறியாமல் மதினிதான் அதைத் தூக்கிக்கொண்டு ஜீப் ஏறினார்.

அன்று மகள் கட்டிலுக்கு அடியில் தேடினாள். அலமாரியில் தேடினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுநாள், இருந்த பத்துச் சொற்களும் நின்றுபோயின. தண்ணீர் வேண்டுமென்றால்கூட என் கையைப் பிடித்துக் குடத்தருகே இழுத்துப் போனாள். மூன்றாம் நாள் சாயங்காலம் மதினி வந்தபோது, அவர் பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினாள்.

"என்னத்தடி தேடுற என் தங்கம்?" என்றவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

"அடியே கிறுக்கி! என் கையாலேயே கொண்டுபோக வச்சியா?" மதினி என்னிடம் கோபப்பட்டது அந்த ஒருமுறைதான். "அன்னைக்குச் சரத்த உருவுனது இதே கைதானே? ஒரு செடிக்கு வருசத்துல எத்தன தடவ போறோம்? ஒவ்வொரு எடுப்புக்கும் வெளஞ்சத மட்டும் கிள்ளிட்டு, பிஞ்ச விட்டுட்டு வர்றோம். ஒண்ணர மாசங்கழிச்சு மறுபடி அதே செடிகிட்டப் போயி நிக்கிறோம். பழைய செடிதானேன்னு யாராவது புடுங்கிப் போடுவாகளா? பிள்ள இன்னும் எடுத்து முடிக்கலத்தா. அதான் திரும்பத் திரும்பக் கேக்குது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "அழுது ஆகப்போறது என்ன? நீ வாங்கி அடுக்கியிருக்கியே, அந்தப் புதுப் புத்தகத்தக் கொண்டா" என்று மூன்றை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மலையில் நல்ல மழை. காயெடுப்பு முடிந்து மற்றவர்கள் ஜீப்புக்கு நடக்க, மதினி மட்டும் லயத்தில் வீடு வீடாகக் கேட்டிருக்கிறார். கடைசியில், காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுபவரின் மகள் அதை வைத்திருந்தாளாம். ஓட்டுநர் ஒலிப்பானை அடித்துக்கொண்டே இருக்க, அந்தச் சிறுமியிடம் மூன்று புத்தகங்களையும் படம் படமாகக் காட்டி, கதை சொல்லி, அவளாகவே மனம் வந்து நீட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். பிடுங்கிக்கொண்டு வரவில்லை. அதை நினைக்கும்தோறும் மதினி மேல் எனக்கு மதிப்புக் கூடிக்கொண்டே போகிறது. நனைந்த சேலையோடு, கணுக்காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு வாசலில் நின்று, ரவிக்கைக்குள் பாலிதீன் உறையில் சுற்றி வைத்திருந்த புத்தகத்தை எடுத்தார். "மூணு குடுத்து ஒண்ணு வாங்கியாந்திருக்கேன். ஏலக்கா யாவாரத்துல இப்படிப் பண்ணுனா நடுத்தெருதான்" என்றார். "வெரசா பிள்ளையக் கூப்புடு."

மகள் புத்தகத்தை வாங்கி என் மடியில் உட்கார்ந்தாள். நான் வாசிக்கத் தொடங்கினேன். மணி தொலைந்துபோன பக்கத்துக்கு வந்தபோது, அவள் தன் விரலை ஆட்டுக்குட்டியின் கண்ணருகே வைத்தாள்.

"ஆடு அழுவுது" என்றாள்.

இரண்டு சொற்கள். குனிந்து பார்த்தேன். கண்ணின் ஓரத்தில் எள்ளளவு நீலப் புள்ளி. இருநூறு முறையாவது வாசித்திருப்பேன். அங்கே ஒரு கண்ணீர்த்துளி வரையப்பட்டிருப்பதை நான் பார்த்ததே இல்லை. மதினி வாசற்படியில் உட்கார்ந்து காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டே, "ம்ம், அப்பறம்?" என்று கதை கேட்டார்.

புத்தகம்தான் அவளைப் பேசவைத்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவள் தானாகவே பேசும் நேரம் வந்திருக்கலாம். இப்போது ஏழு வயதில், பேச்சை நிறுத்தத்தான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஆனால் பிடித்த புத்தகம் என்றால் சிறந்த புத்தகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தவறு என்று மட்டும் தெரிகிறது. போடியில் காயைச் சலித்துப் பருமன் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். புத்தகத்தையும் நான் அப்படியே பிரிக்கப் பார்த்தேன். மதினிக்கு அந்த நாவல் உசத்தி என்ற எண்ணமே கிடையாது. அதனிடம் அவருக்கு இன்னும் சோலி பாக்கி இருந்தது, அவ்வளவுதான்.

மதினி போன வருடம் திருப்பூருக்குத் தன் மகள் வீட்டோடு போய்விட்டார். தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய காலையில், ஆட்டுக்குட்டிப் புத்தகத்தை எடுத்தேன். மகள் அதைத் தொட்டு இரண்டு வருடமாகிறது. அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். குட்டி அழுகிறது. அதற்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், தாய் ஆடு தலையைக் குனிந்து புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. குட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டென்று எனக்கு வந்த ஆத்திரத்தைப் பார்த்து எனக்கே வியப்பாக இருந்தது. கைபேசியை எடுத்தேன்.

"மதினி, இந்தத் தாய் ஆடு மேல எனக்குக் கோவம் கோவமா வருது."

மதினி சிரித்தார். "வரட்டும், வரட்டும். எனக்கு எம் புத்தகத்துக்காரி கடுதாசியக் கிழிச்சது நாயமோன்னு இப்பத்தான் தோண ஆரம்பிச்சிருக்கு. அடுத்த எடுப்புல பாத்துக்கத்தா."

என் கோட்டில் ஆட்டுக்குட்டிப் புத்தகத்தின் பெயரை எழுதினேன். மற்ற அம்மாக்கள் என்ன நினைப்பார்களோ என்று பேனா ஒருமுறை தயங்கியது. எழுதியதை அடிக்கவில்லை. புத்தகத்தை மூடியபோது கறை படிந்த மூலையிலிருந்து மணம் எழுந்தது. அதை அலமாரிக்குள் வைக்காமல், கைக்கு எட்டும்படி மேசைமேலேயே வைத்தேன்.