பாதியில் நின்ற ஆட்டம்

இந்தோசீனச் சண்டையில் குண்டடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஊர் திரும்பியவரை நாங்கள் ‘சொல்தா’ என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்க்குப் புதுச்சேரியில் அதுதான் பெயர். பிரான்சில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கூடைப்பந்து ஆடக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். இங்கே யாரோடு ஆடுவது? மில்லில் துணிப்பொதி சரிந்து முதுகு முறிந்து, ஊருக்குள் சாரம் பகுதியில் வீட்டோடு கிடந்த என்னைத் தேடி வந்தார். வீராம்பட்டினத்தில் கட்டுமரம் புரண்டு கால்கள் விளங்காமல் போன ஒரு மீனவரையும் பிடித்துவிட்டார். எங்கள் இருவருக்கும் எங்கிருந்தோ சக்கர நாற்காலியும் தேடித் தந்தார்.

ஞாயிறு மாலைகளில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஆடினோம். துடுப்புப் போட்டுப் பழகிய கை மீனவருக்கு. அவர் ஒரு தள்ளு தள்ளினால் நாங்கள் இருவரும் பின்னால் புழுதிதான் தின்போம். உள்ளங்கை கொப்புளித்து வீடு திரும்புவதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம். உடம்பு உழைத்துக் களைத்து எவ்வளவு காலமாகியிருந்தது!

ஒரு வருஷம் அந்தப் பள்ளி வாத்தியார்கள் மூன்று பேர், இரவல் சக்கர நாற்காலிகளில் உட்கார்ந்து எங்களை எதிர்த்து ஆடச் சம்மதித்தார்கள். நல்ல கூட்டம். வாத்தியார்களுக்கு நாற்காலி திரும்பவே மாட்டேன் என்றது. நாங்கள் முந்திக்கொண்டிருந்தோம். அப்போது பந்தை எட்டிப் பிடிக்கப்போன மீனவர் நாற்காலியோடு கவிழ்ந்தார்.

எங்களுக்கு அது சாதாரணம். கையை ஊன்றி அவரே ஏறி உட்காருவார். கூட்டமோ ஐயோ என்று உள்ளே ஓடிவந்தது.

“வுடுங்க, நானே ஏறிக்குவேன்!” என்று கத்தினார். யாரும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி உட்காரவைத்தார்கள். ஒரு பெண் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

“போதும்பா, பாவம். இவுங்கள இன்னும் படுத்தாதீங்க” என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர். வாத்தியார்கள் எழுந்து நடந்தார்கள். எங்கள் கழுத்தில் மாலை விழுந்தது.

“ஜெயிச்சிக்கினு இருந்தோமேய்யா” என்றார் மீனவர் என்னிடம்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. மாட்டுவண்டியில் அரியாங்குப்பம் பாலம் தாண்டி அவர் வீட்டுக்கே போனோம். வலை பின்னிக்கொண்டிருந்தார். சொல்தா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்.

“வுழுந்தா தூக்கத்தான் வராங்க சொல்தா. ஆட்டம் பாக்க யாரு வந்தா?” என்று கேட்டுவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார்.

நாங்கள் இருவர் மட்டும் கொஞ்ச நாள் பந்தை மாற்றி மாற்றி எறிந்துகொண்டிருந்தோம். அறுபத்திரண்டில் சொல்தா குடும்பத்தோடு பிரான்சுக்குக் கப்பலேறினார். அதற்குப் பிறகு நான் பந்தைத் தொடவில்லை. அன்றைக்கு முழுசாக ஆடித் தோற்றிருந்தாலும் பரவாயில்லை என்று இன்றும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.