முதல் வரியில் சுல்மாவின் பெயர்

பராகுவே நாட்டின் அசுன்சியோனில், மருத்துவர்களைப் பார்க்க நேரம் பதிவுசெய்யும் இணையதளத்தை நடத்துகிற அலுவலகம் அது. தளம் முடங்கி விழுந்தால் திரையில் இருநூறு வரிப் பிழைச்செய்தி கொட்டும். முதல் வரியைத் தாண்டி அங்கே ஒருவரும் படித்ததில்லை. அந்த வரியில் யாருடைய நிரல் கோப்பும் பெயரும் வருகின்றனவோ அவர்தான் குற்றவாளி. அன்றைக்கு எல்லோரும் தெரெரே என்னும் குளிர்பானம் குடிக்க ஐஸும் மூலிகையும் அவர்தான் வாங்கிவர வேண்டும். விளையாட்டாக வைத்த சட்டம்தான். ஆனால் இரண்டு வருடமாக ஐஸ் சுமந்தவள் சுல்மா ஒர்தெய்யாதோ ஒருத்தியே.

அவள் எழுதியது பக்கத்தைத் திரையில் காட்டும் பகுதி. உள்ளே எவன் சொதப்பினாலும் கடைசியில் அலறுவது அதுதான். எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! யார் காதில் வாங்கினார்கள்?

செவ்வாய்க்கிழமை, தானும் நிரல் எழுதும் தலைவர் எவெலியோ ரிவரோலா அவள் மேசையைத் தட்டினார்.

"இன்னொரு தடவை விழட்டும், சுல்மா. உன்னை வேலைய விட்டு அனுப்பற லெட்டர டைப் பண்ணி வச்சாச்சு."

"முதல் வரிக்குக் கீழ என்ன இருக்குன்னு ஒருநாளாவது படிச்சிருக்கீங்களா, எவெலியோ சார்?"

"அந்தக் குப்பைய எந்த மனுஷன் படிப்பான்?"

வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

"குப்பையா? இருங்க, பெருக்கித் தர்றேன்."

மதியச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. சிபா ரொட்டியைக் கடித்துக்கொண்டே, பிழைச்செய்தியைச் சுருக்கிக் காட்டும் நிரல் ஒன்றைத் தட்டினாள். செய்தியில் வெளியாட்களின் நிரலைச் சேர்ந்த வரிகளையெல்லாம் மடித்து மறைத்தாள். பிழை பிறந்த இடத்தை மேலே கொண்டுவந்தாள்: எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, எது காலி, கடைசியாகக் கைவைத்தது யார். நாலே வரி, பெரிய எழுத்தில்.

வியாழன் காலை பத்து மணிக்குத் தளம் விழுந்தது. எவெலியோ கடிதத்தோடே வந்தார்.

"மறுபடி உன் வேலைதானே?"

"படிங்க. எல்லாருக்கும் கேக்கணும், சத்தமா படிங்க."

படிக்க ஆரம்பித்தவரின் குரல் போகப்போக இறங்கியது. "நேரப்பதிவுக் கோப்பு... நாப்பத்தெட்டாவது வரி... மருத்துவர் பெயர் காலி... கடைசியாகத் திருத்தியவர்..." அங்கே நின்றுவிட்டார். திரையில் இருந்தது அவர் பெயர்.

"சரி, சரி, யாருக்குத்தான் தப்பு வராது? இந்தப் பேர் போடறத மட்டும் எடுத்துடு. நாலு பேர் முன்னாடி அசிங்கமா இருக்கு."

"ரெண்டு வருஷமா என் பேர் நின்னப்போ அசிங்கமா இல்லையா? தப்பே பண்ணாம நின்னேனே!" அவள் கையை நீட்டினாள். "எடுக்க மாட்டேன். அந்த லெட்டர இப்படிக் குடுங்க."

கிழிக்கத்தான் வாங்கினாள். பிரித்துப் பார்த்தாள். அடியில் எவெலியோவின் கையெழுத்து, நேற்றைய தேதியோடு. தளம் விழுந்ததோ இன்றைக்குத்தான்.